ஆபரேஷன் பற்றித் தமிழில் பதில் சொல்லும் யந்திரம்: எதுவரை நம்பலாம்?

(நமது மும்பை நிருபர்)

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கும் என் தாய்மாமனுக்கு வயது 63. தோல் கிடங்குகளில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவருடைய அடிவயிற்றின் வலப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. படுத்தால் மறைந்துவிடும், இருமினால் வெளியே வரும். குடலிறக்கம்தான், ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித் தேதியும் குறித்துவிட்டார்கள். கையில் நாலு பக்கத்தில் ஒரு தாளையும் கொடுத்தார்கள். முன்பக்கம் இங்கிலீஷ், பின்பக்கம் மராத்தி. "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு எடுத்து வா" என்று ஹிந்தியில் சொன்னாராம் நர்ஸ்.

மாமாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். தினந்தோறும் டீக்கடையில் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். ஆனால் அந்தத் தாளில் அவருக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. "மருமவனே, நீ ரயில்வேயில் இருக்கவன், இதில என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்று என்னிடம் கொண்டுவந்தார்.

நான் குமாஸ்தாதான். மெட்ரிகுலேஷனோடு படிப்பு முடிந்தது. சரக்கு ரசீதில் வரும் இங்கிலீஷ் எனக்கு அத்துப்படி. அந்தத் தாளில் இருந்த இங்கிலீஷ் வேறு ஜாதி. பாதி வார்த்தைகள் லத்தீன் போலிருந்தன. "சம்மதம் தருகிறேன்" என்ற கடைசி வரி மட்டும் தெளிவாகப் புரிந்தது. அதை மட்டும் புரிந்துகொண்டுதான் நம்மில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவருகிறோம்.

அப்போது மாமாவின் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு காமர்ஸ் படிக்கிறவள், "அத்தான், இதைக் கேட்டுப் பார்த்துடலாம்" என்று தன் போனை எடுத்தாள்.

மீன் வலையா?

அவள் சொன்னது, செயற்கை நுண்ணறிவில் இயங்கும் உரையாடும் யந்திரத்தை. இளைஞர்கள் சாட்பாட் என்கிறார்கள். அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ கம்பெனி 2022 நவம்பர் 30ந் தேதி சாட்ஜிபிடி என்ற பெயரில் இதை வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவிவிட்டது. கூகுள் முதலிய மற்றக் கம்பெனிகளும் இதே போன்றவற்றை வைத்திருக்கின்றன. எழுதியும் கேட்கலாம், வாயால் பேசியும் கேட்கலாம். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது.

அவள் கேட்டாள்: "குடலிறக்க ஆபரேஷன் என்றால் என்ன செய்வார்கள்?" அரை நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியாகக் குடல் பிதுங்குகிறது. அதை உள்ளே தள்ளி, அந்த இடத்தைத் தைத்து, மேலே ஒரு வலையை வைத்துப் பலப்படுத்துவார்கள். கீறியும் செய்யலாம், சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகவும் செய்யலாம் என்று வரிசையாகச் சொன்னது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வலையா? மீன் வலையா மருமவனே?"

சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வியைக்கூட யந்திரத்திடமே போட்டதில், அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆனது, உடம்பிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும், சதை அதன் கண்ணிகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கியது. ஆபத்துக்களையும் மறைக்கவில்லை. சீழ் பிடிக்கலாம், சிலருக்கு நெடுநாள் வலி நிற்கலாம், மறுபடியும் இறங்கலாம் என்றது. ஆபரேஷன் வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று கேட்டோம். வலி இல்லாத சிறிய குடலிறக்கத்தை டாக்டரின் கண்காணிப்பில் கொஞ்ச காலம் விட்டுப் பார்ப்பதும் உண்டு. ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் இறுகிக்கொண்டு, கடும் வலியும் வாந்தியும் வந்தால் ஒரு மணிகூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் சொன்னது.

இவ்வளவும் அந்த நாலு பக்கத் தாளில் இங்கிலீஷிலும் மராத்தியிலும் இருந்தவைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முதல் தடவையாக என் மாமாவுக்குத் தம் வயிற்றில் என்ன செய்யப்போகிறார்கள் என்பது தெரிந்தது. இது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

நெஞ்சில் வைத்த ஸ்பிரிங்

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்று யாரோ பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாமா மகள் யந்திரத்தைக் கேட்டாள்: "ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் நிறுத்தணுமா?" பொதுவாக இத்தகைய ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வதுண்டு என்று பதில் தொடங்கியது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று முடிந்தது. அவள் தொடக்கத்தைப் படித்தாள், முடிவைப் படிக்கவில்லை. மாமா இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் மயக்க மருந்து டாக்டரின் பரிசோதனை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர் என்று அவர் கேட்டபோதுதான், எட்டு மாதத்துக்கு முன் மாமாவின் இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த விஷயம் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் அதை ஸ்பிரிங் என்றுதான் சொல்வோம். நெஞ்சில் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் அடிவயிற்றுப் புடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நினைக்கவில்லை. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் ஆபரேஷன் டாக்டர் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

டாக்டர் பதறிப்போனார். அந்த மாத்திரைகள்தான் ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் காக்கின்றன. திடீரென்று இரண்டையும் நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். அன்றே மாத்திரைகளை மறுபடி தொடங்கச் சொல்லி இருதய டாக்டரிடம் அனுப்பினார். ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் முடியட்டும், அவசரமில்லாத ஆபரேஷன்தானே என்று தேதியைத் தள்ளிப் போட்டார்கள்.

அன்றிரவு நான் அதே யந்திரத்திடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். முதலில் மாமா மகள் கேட்ட அதே கேள்வியை. அதே பதில் வந்தது. பிறகு, "வயது 63. எட்டு மாதத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. குடலிறக்க ஆபரேஷன். இந்த இரண்டு மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்டேன். இப்போது முதல் வரியிலேயே, நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று வந்தது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயத்தைச் சொல்லி, இருதய டாக்டர், ஆபரேஷன் டாக்டர், மயக்க மருந்து டாக்டர் மூவருக்கும் தெரிவியுங்கள், அவசரமில்லாவிட்டால் தள்ளிப் போடலாம் என்றது. அதாவது, மயக்க மருந்து டாக்டர் சொன்ன அதே விஷயம்.

எனக்கு எங்கள் விசாரணைக் கவுண்டர் ஞாபகம் வந்தது. "திருநெல்வேலி வண்டி எப்போ?" என்று ஒருவர் கேட்பார். எந்தக் கிழமை, எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார், டிக்கெட் எடுத்தாயிற்றா என்று உள்ளே இருக்கிறவன் திருப்பிக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். கேட்காமல் ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்பிவிட்டால், தாதரில் வண்டி கிளம்பும் நேரத்தில் பயணி சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் நிற்பார். பதில் சொன்னவன் பொய் சொல்லவில்லை. பயணிக்கு வண்டி தப்பிவிட்டது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தார் 2025ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் பிரிட்டனைச் சேர்ந்த 1,298 பேருக்கு நோய்க்கதைகளைக் கொடுத்து, என்ன வியாதியாக இருக்கலாம், என்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கதையை முழுவதுமாக யந்திரத்திடமே கொடுத்தபோது அது நூற்றுக்கு 95 அளவில் வியாதியைச் சரியாகச் சொன்னது. அதே யந்திரத்தைச் சாதாரண ஜனங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்றபோது, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சரியாக வந்தது. யந்திரமே இல்லாமல் தாங்களாகப் பார்த்துக்கொண்டவர்களைவிட அவர்கள் ஒன்றும் மேலாகச் செய்துவிடவில்லை. விஷயத்தைப் பாதி சொல்கிறார்கள். பதிலில் எது முக்கியம் என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆராய்ச்சி ஆபரேஷனைப் பற்றியது அல்ல என்றாலும், எங்கள் மாத்திரைக் கதை அதற்கு அப்படியே பொருந்துகிறது. அவர்கள் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

யந்திரத்துக்குப் படிப்பு எப்படி?

இதன் வேலை பற்றி ஒரு வார்த்தை. இது புத்தகத்தைப் புரட்டி விடை எடுப்பதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். படித்தவற்றில் மிகப் பெரும்பகுதி இங்கிலீஷ். ஆகவே தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே சரளத்தோடு சொல்லும். குரலில் தயக்கம் இராது. நம் ஊர் வைத்தியர் தெரியாவிட்டால் தாடியைத் தடவுவார். அதைப் பார்த்து நாம் வேறு இடம் போவோம். இதற்குத் தடவத் தாடி இல்லை.

2025ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்த செய்தி இது. அறுபது வயதுக்காரர் ஒருவர் சாப்பாட்டு உப்பைக் குறைக்க விரும்பி, சாட்ஜிபிடியை விசாரித்த பிறகு, உப்புக்குப் பதிலாகச் சோடியம் புரோமைடு என்ற ரசாயனத்தை மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்ற பிரமையோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, மூன்று வாரம் இருந்து பிழைத்தார்.

மறுபக்கமும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக் கழக மருத்துவர்கள் 2023ல், குடலிறக்கம், பித்தப்பை, முழங்கால் மூட்டு உள்ளிட்ட ஆறு ஆபரேஷன்களுக்கு ஆபத்து, நன்மை, மாற்று வழி ஆகியவற்றை விளக்கும் குறிப்புகளை ஒப்பிட்டார்கள். ஆபரேஷன் டாக்டர்கள் எழுதியவற்றைவிட யந்திரம் எழுதியவை படிக்கச் சுலபமாகவும் விஷயம் விடுபடாமலும் இருந்தன. டாக்டர்களுக்கு விஷயம் தெரியாததால் அல்ல. உட்கார்ந்து எழுத நேரமில்லாததால்தான் என்பது என் அபிப்பிராயம்.

பதின்மூன்று வயது மொழிபெயர்ப்பாளன்

நேரமில்லை என்பதோடு நமக்கு இன்னொரு கஷ்டம், பாஷை. மாநகராட்சி ஆஸ்பத்திரி எதிலும் காலையில் போய் நின்று பாருங்கள். நம் பெண்மணிகள் பலருக்கு வீட்டைச் சுற்றியுள்ள ஹிந்தி போதும். வியாதி ஹிந்தி தெரியாது. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போகிறார்கள். ஒரு தடவை என் முன்னால் நின்ற பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். "பச்சேதானி நிகால்னா படேகா" என்றார் டாக்டர். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். பையனுக்கு அர்த்தம் தெரிந்ததோ தெரியவில்லையோ, முகம் சிவந்துபோய், "அம்மா, வயித்துல ஏதோ எடுக்கணுமாம்" என்றான். அந்த அம்மாளும் தலையை ஆட்டினார்.

எதை எடுக்கிறார்கள் என்று தெரியாமல் தலையாட்டுவதன் விலை மகாராஷ்டிரத்துக்குப் புதிதல்ல. பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019ல் மாநில அரசு நியமித்த கமிட்டி 82,309 பேரைக் கணக்கெடுத்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும் என்று தங்களைப் பயமுறுத்தியதாகப் பலர் சொன்னார்கள்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. டில்லியில் 1995ல் ஒரு பெண்மணிக்குப் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2008 ஜனவரி 16ந் தேதி தீர்ப்பு வந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, நினைவோடு இருக்கக்கூடிய வயது வந்தவருக்குப் பதிலாக மற்றவர் சம்மதம் செல்லாது என்று நீதிபதிகள் கூறினர். என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, மறுத்தால் என்ன ஆகும் என்பதை நோயாளி முடிவு செய்யும் அளவுக்கு டாக்டர் விளக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஆக, கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உரிமை.

அந்த உரிமையை யார் உபயோகிக்கிறார்கள் என்பதைச் செம்பூரில் பார்த்தேன். சேடா நகர் முருகன் கோயிலில் பழக்கமான ஒரு பெரியவர், மத்திய அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். தம் ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மருந்துகள், பழைய வியாதிகள் அனைத்தையும் இங்கிலீஷில் டைப் செய்து யந்திரத்திடம் கொடுத்து, "என் டாக்டரிடம் நான் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்" என்று கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்கவில்லை, கேள்விகளைக் கேட்டிருக்கிறார்! பதினான்கு வந்தன. ஐந்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாராம். "டாக்டர் முதலில் முறைத்தார். அப்புறம் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினார் சார்" என்றார். இங்கிலீஷ் இருக்கிறவருக்கு அதே யந்திரம் குமாஸ்தா வேலை பார்க்கிறது. இல்லாதவருக்கு டாக்டர் வேஷம் போடுகிறது.

பெங்களூரில் செய்து பார்த்தது

டாக்டரும் யந்திரமும் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு ஒன்று நம் பக்கத்து மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. கோயமுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கரா கண் ஆஸ்பத்திரியின் பெங்களூர்க் கிளையும் மைக்ரோசாப்ட் கம்பெனியின் பெங்களூர் ஆராய்ச்சிக் கூடமும் சேர்ந்து, கண்புரை ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்காகவே கேடராக்ட்பாட் என்ற பதில் யந்திரத்தை அமைத்தன. 2024ல் அதன் விவரங்கள் வெளியாயின.

இது வாட்ஸ்அப்பில் இயங்கியது. இங்கிலீஷ், ஹிந்தி, கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய ஐந்து பாஷைகளில் எழுதியோ பேசியோ கேட்கலாம். முக்கியமான வித்தியாசம், இது உலகத்தில் படித்ததையெல்லாம் வைத்துப் பதில் சொல்லாமல், அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் தயாரித்துக் கொடுத்த குறிப்புகளிலிருந்து மட்டும் சொல்லியது. குறிப்பில் இல்லாத கேள்வி வந்தால் தெரியாது என்று ஒப்புக்கொண்டு டாக்டருக்கு அனுப்பியது. நோயாளிக்கு உடனே பதில் போகும். ஆனால் இன்னும் டாக்டர் பார்க்கவில்லை என்று சேர்த்தே சொல்லிவிடும். பிறகு டாக்டர் தம் போனில் அதைப் பார்த்து, சரி என்றால் சரி என்பார், தவறென்றால் திருத்துவார், திருத்திய பதில் நோயாளிக்குப் போகும். எத்தனை மணிக்கு வரவேண்டும், செலவு எவ்வளவு போன்ற கேள்விகள் ஆஸ்பத்திரி சிப்பந்தியிடம் போகும். டாக்டர் செய்த திருத்தங்கள் குறிப்புகளில் சேர்க்கப்படுவதால், அடுத்தவர் அதையே கேட்டால் யந்திரமே சரியாகச் சொல்லும்.

நோயாளிகளும் அவர்களுடன் வந்தவர்களுமாக 49 பேரும், நான்கு டாக்டர்களும், இரண்டு சிப்பந்திகளும் கொண்ட சிறிய சோதனைதான். ஆனாலும் டாக்டர் பார்த்துச் சரி சொல்கிறார் என்பதால்தான் நம்பிக்கை வந்தது என்பது அதில் தெரிந்தது. டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூச்சப்பட்ட கேள்விகளையும் தாராளமாகக் கேட்டிருக்கிறார்கள். கண்புரையில் இப்படிப்பட்ட கேள்விகள் ஏராளம். புரை முற்றினால்தான் எடுக்க வேண்டுமா? (வேண்டியதில்லை, அது பழைய காலத்து வழக்கம்.) தலைக்கு என்றைக்குக் குளிக்கலாம்? சமையல் கட்டில் புகை பட்டால் என்ன? வெங்காயம் நறுக்கலாமா? டாக்டர் காதில் இவை அற்பம். வீட்டை நடத்துகிற அம்மாளுக்கு இவைதான் ஆபரேஷன்.

யந்திரம் இல்லாமலும் இதைச் செய்ய முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஆபரேஷனை அவர் பேச்சு வழக்கிலேயே விளக்குவதுதான் உத்தியோகம். நம் வார்டுகளில் தமிழ் பேசும் அப்படி ஒரு பெண் இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இல்லாத வரையில் பிள்ளைகள் போனைத்தான் எடுப்பார்கள்.

எடுக்கும்போது

எடுக்கிறவர்களுக்கு, எங்கள் வீட்டு அனுபவத்தில் சில விஷயங்கள். நோயாளியின் வயது, பழைய வியாதிகள், முன்பு நடந்த ஆபரேஷன்கள், சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, நெஞ்சில் ஸ்பிரிங், ஒவ்வாத மருந்து எல்லாவற்றையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வரும் சூரணமும் லேகியமும்கூட அதில் சேர வேண்டும், அவையும் மருந்துதான். அந்தத் தாள் யந்திரத்தைவிட டாக்டருக்கு அதிகம் உபயோகம். ஆனால் பெயர், ஆதார் எண், வீட்டு விலாசம் எதையும் யந்திரத்துக்குக் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் மேலே உள்ள பெயரை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் அதனிடம் முடிவாகக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று பட்டினி விஷயம். ஆபரேஷனுக்கு முன் சாப்பிடாதே என்றால் நம்மவர்கள் சோறு சாப்பிடாதே என்று எடுத்துக்கொள்கிறார்கள். விடியற்காலையில் வயசானவர் வெறும் வயிற்றோடு கிடக்கிறாரே என்று இரக்கப்பட்டு ஒரு டம்ளர் பால் சாயா கொடுத்துவிடுகிறார்கள். மயக்க மருந்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. சாதாரணமாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது கணக்கு. பால் சேர்ந்த சாயா தண்ணீர்க் கணக்கில் வராது. உங்கள் ஆஸ்பத்திரி இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதுவே சட்டம். இந்தக் காரணத்தை யந்திரம் எங்கள் மாமாவுக்கு நன்றாகவே விளக்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெறும் உத்தரவாக இருந்தவரை அலட்சியமாக இருந்த மனிதர், காரணம் தெரிந்ததும் எச்சிலைக்கூட விழுங்கலாமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்!

டிசம்பரில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன் மறுபடியும் அதே நாலு பக்கத் தாள். இந்தத் தடவை நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். தம் கையாலேயே தமிழில் மூன்று கேள்வி எழுதியிருந்தார். நான் ஹிந்தியில் சொன்னேன். ஆஸ்பிரின் மட்டும் தொடரட்டும் என்று இருதய டாக்டர் எழுதியது தெரியுமா என்பது முதல் கேள்வி. முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்பது இரண்டாவது. மூன்றாவது வலை.

இளம் டாக்டர் ஒருவர். உத்தரப் பிரதேசத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. தாளைத் திருப்பி, பின்பக்க ஓரத்தில் பேனாவால் வயிறு ஒன்றை வரைந்து, அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, "மச்சர்தானி ஜைஸா" என்றார். கொசுவலை மாதிரி. மாமாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்துக்குப் பக்கத்திலேயே முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தையல் பிரித்தாகிவிட்டது. மூட்டை தூக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அடுத்து அத்தைக்குக் கண்புரை, தேதி வந்திருக்கிறது. வெங்காயக் கேள்வி அவருடையதுதான்.